ஐந்து உலோகம், ஒரு படலம்: கலவை மட்டும் சொன்னால் போதுமா?



இந்த வார எபிசோட்ல சிப்புக்குள்ள ஓடுற செம்புக் கம்பிகளைப் பற்றிப் பேசினோம். முடிக்கிற நேரத்துல "ஹை என்ட்ரோபி அலாய் படலம்" என்று ஒரு பெயர் வந்தது, விளக்க நேரமில்லாம நகர்ந்துட்டோம். கணக்கு இருக்கிற விஷயம் காதால கேட்டா மனசுல நிக்காது. அதனால அதை இந்த மடலுக்கு என்றே எடுத்து வச்சேன். நான் உலோகவியல் படிச்சவன் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். எனவே நமக்குப் பழக்கமான வழியிலேயே போகலாம்: முதல்ல ஷானன், பிறகு உலோகம், கடைசியில ஒரு டேட்டாபேஸ் கேள்வி.

அந்தக் கேள்வியை இப்பவே சொல்லிடுறேன். ஒரு படலத்தில் என்னென்ன உலோகம், எத்தனை சதவீதம் என்று தெரிந்தால், அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிட முடியுமா? டேபிளில் கலவை மட்டும் பிரைமரி கீயாக இருந்தால் போதுமா?

பெயர் எங்கிருந்து வந்தது

மனிதர்கள் காலங்காலமாக உலோகம் கலந்தது பெரும்பாலும் ஒரே பாணியில்தான். ஒரு தலைவர், கூடச் சில துணைகள். எஃகு என்றால் இரும்பு தலைவர், கார்பனும் மற்றவையும் துணை. வெண்கலம் என்றால் செம்பு தலைவர், வெள்ளீயம் துணை. ஐந்து உலோகம் என்றதும் வீட்டில் யாராவது "நம்ம பஞ்சலோகம் மாதிரியா?" என்று கேட்பாங்க. நல்ல கேள்வி. பெயரில் ஐந்து இருக்கு, ஆனால் பஞ்சலோகச் சிலையில் பெரும்பங்கு செம்புதான். அதுவும் தலைவர்-துணைக் கலவையே.

தலைவரே இல்லாமல், எல்லாரும் சம பங்கு என்று கலந்தால் என்ன ஆகும்? 2004-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதற்குப் பதில் வெளியிட்டாங்க. ஒன்று தைவானின் தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் யே ஜியென்-வெய் குழு. இன்னொன்று பிரிட்டனில் பிரையன் கேன்டர் குழு. கேன்டர் குழு செய்த சோதனை ரொம்பத் துணிச்சலானது: இருபது தனிமங்களை ஆளுக்கு 5 சதவீதம் எடுத்து உருக்கிக் கலந்தாங்க. கிடைத்தது நொறுங்கும் கலவைதான். ஆனால் அதற்குள் ஒரு பகுதி மட்டும் ஒழுங்கான படிகமாக இருந்தது. அதில் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் கூடுதலாக இருந்தன. அந்த ஐந்தை மட்டும் சமபங்கில் கலந்தபோது ஒரே வகைப் படிகம் வந்தது. அதற்கு இன்று கேன்டர் அலாய் என்றே பெயர்.

"ஹை என்ட்ரோபி அலாய்" என்ற பெயரைக் கொடுத்தது யே குழு. அவங்க சொன்ன வரையறை: குறைந்தது ஐந்து தனிமம், ஒவ்வொன்றும் 5 முதல் 35 அணு சதவீதத்துக்குள். 2003-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் இப்படிப் பல உலோகம் கலப்பதை "காக்டெய்ல்" என்று வர்ணித்துக் கட்டுரை எழுதியிருந்தார். பிறகு ஐஐடி மெட்ராஸின் பி. எஸ். மூர்த்தி, யே, ரங்கநாதன் மூவரும் சேர்ந்து எழுதி 2014-ல் வந்த புத்தகம்தான் இந்தத் துறையில் பலரும் முதலில் கையில் எடுக்கும் பாடநூல்.

ஐந்து சமபங்கு என்றால் எத்தனை பிட்

1948-ல் ஷானன் எழுதிய சூத்திரம் ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு எழுத்தின் வாய்ப்பையும் அதன் மடக்கையால் பெருக்கி, கூட்டி, குறி மாற்றினால் என்ட்ரோபி. உலோகக்கலவைக்கும் அதே சூத்திரம்தான். எழுத்துக்குப் பதில் அணு. படிகத்தின் ஒரு இருக்கையைத் தொட்டுக் காட்டி "இங்கே உட்கார்ந்திருப்பது யார்?" என்று கேட்டால், பதிலில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கு என்பதே அளவு.

ஐந்து உலோகம் சமபங்கு என்றால் 2.32 பிட். ஒப்பிட, சமையலறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எடுங்க: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், மீதி இரும்பு என்று எடை வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1.06 பிட். அங்கே "இரும்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நாலில் மூணு தடவை சரியாக இருக்கும்.

உலோகக்காரங்க பிட்டில் பேசுவதில்லை. இயல் மடக்கை எடுத்து, வாயு மாறிலி 8.314-ஆல் பெருக்குவாங்க. ஐந்து சமபங்குக்கு 13.4 வரும். அலகு, ஒரு மோல் அணுவுக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல்.

இப்போ இந்த எண் எதற்கு உதவுது? எந்த அமைப்பு நிலைக்கும் என்று தீர்மானிப்பது கிப்ஸ் ஆற்றல். அதில் இரண்டு பகுதி இருக்கு. ஒன்று, அணுக்கள் பிணையும்போது வெளிவரும் ஆற்றல். இன்னொன்று, என்ட்ரோபியை வெப்பநிலையால் பெருக்கிக் கழிப்பது. மொத்தம் எங்கே குறைவோ அந்த அமைப்பு ஜெயிக்கும். வெப்பநிலை ஒரு பெருக்கல் எண் என்பதைக் கவனியுங்க. போட்டுப் பார்ப்போம்.

1500 கெல்வினில்: 13.4 பெருக்கல் 1500, ஏறக்குறைய 20 கிலோஜூல்.
அறை வெப்பநிலை 300 கெல்வினில்: 13.4 பெருக்கல் 300, வெறும் 4 கிலோஜூல்.

எதிர்த்தரப்பையும் பார்க்கணும். நிக்கலும் அலுமினியமும் ஒன்றுக்கு ஒன்று என ஒழுங்காகச் சேர்ந்து சேர்மம் ஆனால், ஒரு மோல் அணுவுக்குச் சுமார் 60 கிலோஜூல் ஆற்றல் இறங்கும். அதன் முன்னால் 4 எங்கே, 20 எங்கே? கேன்டர் அலாயின் ஐந்து உலோகமும் ஆவர்த்தன அட்டவணையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க. அவங்களுக்குள் பெரிய காதலும் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. அதனால் சூடாக இருக்கும்போது என்ட்ரோபி ஜெயிக்குது. குளிர்ந்த பிறகு அந்த வெற்றி தொடருமா என்பது இந்த எண்ணிலிருந்து தெரியாது. இந்த இடத்தில் ஒரு விரலை வச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

ஸ்பட்டரிங்: அணுவை அடித்து ஒட்டுவது

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை விட்டுக் காயைத் தெறிக்க வைக்கிறோம் இல்லையா, ஸ்பட்டரிங்கின் அடிப்படை அதுதான். 1852-ல் வில்லியம் குரோவ், மின்சாரம் பாயும் வாயுக்குழாய்க்குள் உலோகம் இடம் மாறிப் படிவதைக் கவனித்து எழுதினார். இன்றைய கருவி அதன் பேரன்.

முதலில் ஒரு எஃகு அறையிலிருந்து காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துடுவாங்க. பிறகு கொஞ்சம் ஆர்கான் வாயு விடுவாங்க. அளவு பெரும்பாலும் 0.1 முதல் 1 பாஸ்கல். வெளியே நம்மைச் சுற்றி இருக்கும் காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல் என்றால், எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கோங்க. உள்ளே ஒரு பக்கம் உலோகத் தட்டு, இதற்கு டார்கெட் என்று பெயர். அதற்கு எதிரே படலம் படியவேண்டிய சிலிக்கான் வில்லை. டார்கெட்டுக்குச் சில நூறு வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் ஆர்கான் அயனியாகி, வேகமாக வந்து தட்டில் மோதும். மோதிய வேகத்தில் உலோக அணுக்கள் தெறித்து எதிர்ப்பக்கம் போய் ஒட்டும். தட்டுக்குப் பின்னால் காந்தம் வைத்தால் எலெக்ட்ரான்கள் அங்கேயே சுற்றி இன்னும் அதிக ஆர்கானை அயனியாக்கும். இதுதான் மேக்னெட்ரான் ஸ்பட்டரிங்.

இங்கே ஒரு சந்தேகம் வரணும். எல்லா உலோகமும் ஒரே மாதிரி தெறிக்காது. 500 எலெக்ட்ரான்வோல்ட் ஆர்கான் அயனி ஒன்று மோதினால் செம்பில் சராசரியாக இரண்டு அணுவுக்கு மேல் தெறிக்கும், டைட்டானியத்தில் அரை அணுதான். அப்போ பல உலோகம் கலந்த தட்டை அடித்தால் விகிதம் கெட்டுப்போகாதா? முதல் சில நிமிடங்கள் கெடும். சுலபமாகத் தெறிக்கிற உலோகம் அதிகமாக வெளியே போகும். அதனாலேயே தட்டின் மேல்பரப்பில் அது குறையும். குறைந்ததும் வெளியே போவதும் குறையும். கடைசியில், தட்டுக்குள் என்ன விகிதமோ அதே விகிதத்தில் வெளியே வரும் நிலைக்குத் தானாகவே வந்து நிற்கும். நம்ம மொழியில் சொன்னால் நெகட்டிவ் ஃபீட்பேக். அதனால்தான் வில்லைக்கு முன்னால் ஷட்டரை மூடி வைத்துக்கொண்டு, தட்டைக் கொஞ்ச நேரம் சும்மா அடித்துவிட்டுப் பிறகு திறப்பாங்க.

அப்படியும் தட்டில் உள்ள விகிதம் படலத்தில் அப்படியே வரும் என்று நம்பிவிட முடியாது. வழியில் ஆர்கானோடு மோதி லேசான அணுக்கள் சிதறிப் போகலாம். வில்லையில் ஒட்டிய அணுவை இன்னொரு அயனி வந்து மறுபடி தெறிக்க வைக்கலாம். எனவே நல்ல ஆய்வகங்கள் படலத்தையே அளந்து எழுதும், தட்டின் லேபிளைப் பார்த்து எழுதாது.

ஒரு அணுவுக்கு ஒரு நொடி

இந்த மடலில் எனக்குப் பிடித்த கணக்கு இதுதான். படலம் வளரும் வேகம் நொடிக்கு 0.2 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது சாதாரண வேகம்தான். ஒரு அணு அடுக்கின் தடிமனும் ஏறக்குறைய 0.2 நானோமீட்டர். அதாவது வந்து உட்கார்ந்த அணுவுக்கு, மேலே அடுத்த அடுக்கு வந்து மூடுவதற்குள் கிடைப்பது ஒரே ஒரு நொடி.

அந்த அணு வரும்போது சில எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வருது. ஒரு எலெக்ட்ரான்வோல்ட் என்பது 11,600 கெல்வினுக்குச் சமம். ஆனால் குளிர்ந்த பரப்பில் மோதியதும் பிகோநொடிகளில், அதாவது நொடியின் லட்சம் கோடியில் சில பங்குகளில், அந்தச் சூட்டைப் பறிகொடுத்துடும். பிறகு மேல்பரப்பில் இருக்கும்வரை கொஞ்சம் நகரலாம், பக்கத்தில் நல்ல இருக்கை இருந்தால் மாறலாம். மூடப்பட்டதும் ஆட்டம் முடிந்தது. அறை வெப்பநிலையில் இந்த உலோகங்களின் உட்புறத்தில் அணுக்கள் இடம் மாறுவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இப்போ விரல் வைத்த இடத்துக்கு வாங்க. நிக்கலும் அலுமினியமும் சேர்ந்து ஒழுங்கான சேர்மமாகப் பிரிந்து போக ஆசைப்படலாம். ஆனால் அதற்கு அணுக்கள் நடக்கணும். நடக்க நேரமில்லை. எனவே ஸ்பட்டர் செய்த படலத்தில் ஒரே கலவையாக எல்லாம் கலந்து கிடக்குது என்றால், அதற்கு என்ட்ரோபி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவசரமும் காரணம். கலந்தே இருக்க விரும்பியதால் இருக்குதா, பிரிய நேரம் கிடைக்காததால் இருக்குதா? புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

என்ன அமைப்பு வரும்

மூன்று வகை விடை அடிக்கடி வருது. ஒன்று எஃப்சிசி: கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு. இரண்டு பிசிசி: மூலைகளிலும் கனசதுரத்தின் நட்டநடுவிலும் அணு. மூன்று, படிகமே இல்லாமல் கண்ணாடி போல ஒழுங்கற்ற அமைப்பு.

எது வரும் என்று ஊகிக்க இரண்டு எளிய விதிகள் உண்டு. முதல் விதி 2011-ல் வந்தது. ஒவ்வொரு உலோகத்தின் வெளி எலெக்ட்ரான் எண்ணிக்கைக்குச் சராசரி எடுங்க. 8 அல்லது மேலே என்றால் எஃப்சிசி, 6.87-க்குக் கீழே என்றால் பிசிசி, நடுவில் என்றால் இரண்டும் கலந்து. கேன்டர் அலாய்க்கு 6, 7, 8, 9, 10: சராசரி சரியாக 8. எஃப்சிசி. மாங்கனீசை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டால் அது மூன்றுதான், சராசரி 7.2-க்கு இறங்கிடும். உருக்கி வார்த்தால் இந்தக் கலவை பிசிசி பக்கம்தான் சாயுது.

இரண்டாவது விதி அணுக்களின் அளவு வேறுபாடு. ஒரே அளவுக் காய்களை அடுக்கினால் வரிசையாக நிற்கும். எலுமிச்சையையும் ஆரஞ்சையும் கலந்து அடுக்கிப் பாருங்க, வரிசை உடையும். அளவு வேறுபாடு சுமார் 6.6 சதவீதத்தைத் தாண்டினால் எளிய ஒற்றைப் படிகக் கலவை கிடைப்பது கஷ்டம். அலுமினியம், குரோமியம், டாண்டலம், டைட்டானியம், சிர்கோனியம் ஐந்தையும் சேர்த்து ஸ்பட்டர் செய்தால் ஒழுங்கற்ற படலம் வருது, ஏனென்றால் குரோமியம் சின்னது, சிர்கோனியம் பெரிசு. அதே தட்டு, அதே அறை. ஆர்கானோடு நைட்ரஜனையும் விட்டால் உப்புப் படிகம் போன்ற ஒழுங்கான அமைப்பு வந்துடும். நைட்ரஜன் தனக்கென்று இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள, ஐந்து உலோகமும் மீதி இருக்கைகளைக் கலந்து பகிர்ந்துகொள்ளுது.

படலத்தின் உள்கட்டமைப்புக்கும் ஒரு வரைபடம் உண்டு. 1974-ல் ஜான் தார்ன்டன் போட்டது. ஒரு அச்சில் ஆர்கான் அழுத்தம், இன்னொரு அச்சில் வில்லையின் வெப்பநிலையை உலோகத்தின் உருகுநிலையால் வகுத்த எண். எண் சின்னது, அழுத்தம் அதிகம் என்றால் படலம் இடைவெளி விட்ட தூண்களாக, புல் முளைத்தது மாதிரி வளரும். கொஞ்சம் அழுத்தம் குறைத்தால் தூண்கள் நெருங்கி அடர்த்தியாகும். சூடாக்கினால் தூண்கள் தடிக்கும், கடைசியில் தூண் வடிவமே போய் முழுப் படிகத் துகள்கள் வரும். கேன்டர் அலாய் சுமார் 1600 கெல்வினில் உருகும். அறை வெப்பநிலையில் படிய வைத்தால் 300 வகுத்தல் 1600, அதாவது 0.19. வில்லையை 400 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் 0.42. கலவையில் ஒரு அணு கூட மாறவில்லை, ஆனால் வரைபடத்தில் வேறு ஊருக்கே போயாச்சு.

குணங்கள்: கடினம், தடுப்பு, இழுவிசை

ஸ்பட்டர் படலத்தில் படிகத் துகள்கள் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர்தான். துகள் சின்னதானால் எல்லைகள் அதிகம், எல்லைகள் அதிகமானால் உலோகம் வளைந்து கொடுப்பது கஷ்டம், கடினம் கூடும். நைட்ரஜன் சேர்த்த ஐந்து உலோகப் படலங்களில் 30 கிகாபாஸ்கலைத் தாண்டிய கடினம் பதிவாகியிருக்கு. வெட்டும் கருவிகளில் பொன்னிறமாகத் தெரிகிற டைட்டானியம் நைட்ரைடுக்குச் சாதாரணமாக 20 முதல் 25.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைப் பாருங்க. மெல்லிய படலத்தை ஊசியால் குத்தி அளக்கும்போது, ஆழம் படலத் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கணும் என்பது பழைய விதி. ஒரு மைக்ரோமீட்டர் படலம் என்றால் 100 நானோமீட்டர். அதற்கு மேல் குத்தினால் நீங்க அளப்பது படலத்தை மட்டும் இல்லை, கீழே உள்ள தளத்தையும் சேர்த்து.

அடுத்து, எபிசோட்ல விட்ட இடம். சிப்புக்குள் செம்புக் கம்பியைச் சிலிக்கானோடு நேரடியாகத் தொட விட்டால் செம்பு உள்ளே விரவிப் போய் டிரான்சிஸ்டர்களைக் கெடுத்துடும். அதனால் நடுவில் சில நானோமீட்டர் தடுப்புச் சுவர், வழக்கமாக டாண்டலமும் டாண்டலம் நைட்ரைடும். கம்பி சின்னதாக ஆக ஆக, மின்சாரம் நன்றாகப் போகாத இந்தச் சுவர் கம்பியின் இடத்தைத் தின்னுது. சுவர் இன்னும் மெல்லிசாகணும், ஆனால் ஒழுகக் கூடாது. 2009-ல் தைவான் ஆய்வாளர்கள் மேலே சொன்ன ஐந்து உலோக நைட்ரைடில் 10 நானோமீட்டர் சுவர் 900 டிகிரி செல்சியஸிலும் செம்பைத் தடுத்தது என்று காட்டினாங்க. கம்பிகள் போடும் கட்டத்தில் சிப் 400 டிகிரியைச் சுற்றித்தான் சூடாகும். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய பாதுகாப்பு இடைவெளி.

மூன்றாவது, வெளியே தெரியாத குணம்: படலத்துக்குள் தங்கிப்போகும் விசை. குறைந்த அழுத்தத்தில், வேகமாக மோதும் அணுக்கள் சுத்தியலால் தட்டுவது போல் படலத்தை அமுக்கி வைக்கும். அதிக அழுத்தத்தில் தூண்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து இழுவிசை வரும். இரண்டில் எது மிஞ்சினாலும் படலம் உரிந்தோ வெடித்தோ வந்துடும். அருமையான கடினம் கொண்ட படலம் ஒட்டாமல் கையோடு வந்தால் என்ன லாபம்?

உறைந்தது அப்படியே இருக்குமா?

இந்தக் கேள்விதான் காசு போடுகிறவங்க கேட்கவேண்டியது. 2016-ல் ஒரு குழு கேன்டர் அலாயின் பெரிய துகள் கொண்ட கட்டியை அடுப்பில் வைத்து 500 நாட்கள் காத்திருந்தது. மணி இல்லை, நாள். 900 டிகிரியில் ஒரே கலவையாகவே இருந்தது. 700 டிகிரியில் குரோமியம் மிகுந்த வேறு ஒரு படிகம் பிரிந்தது. 500 டிகிரியிலோ நிக்கல்-மாங்கனீசு, இரும்பு-கோபால்ட், குரோமியம் என்று மூன்று கூட்டாளிகளாகவே பிரிந்து உட்கார்ந்துடுச்சு. என்ட்ரோபிக்கு அந்த வெப்பநிலையில் அவ்வளவு பலம் இல்லை என்ற நம்ம பெருக்கல் கணக்கும் இதையே சொல்லுது.

அதற்கு முந்தைய வருஷம் ஆஸ்திரியாவின் லியோபென்னில் அதே அலாயை முறுக்கி அமுக்கி நானோ துகள்களாக்கி 450 டிகிரியில் வைத்துப் பார்த்தாங்க. அங்கே பிரிவதற்கு 500 நாள் தேவைப்படவில்லை, மணிக்கணக்கே போதுமானதாக இருந்தது. ஏன்? துகள்களுக்கு நடுவே உள்ள எல்லைகள் அணுக்களுக்கு நெடுஞ்சாலை மாதிரி. துகள் அளவு 20 நானோமீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அணுக்கள் எல்லையில்தான் இருக்கும். ஸ்பட்டர் படலமும் அதே மாதிரி நெடுஞ்சாலைகள் நிறைந்த ஊர்.

"ஹை என்ட்ரோபி அலாயில் அணுக்கள் மெதுவாகவே நகரும்" என்று ரொம்ப நாள் பாடமாகவே சொல்லி வந்தாங்க. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகமும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து கதிரியக்க நிக்கலை அடையாளமாக வைத்து அளந்தாங்க. 2017-ல் வந்த அவங்க கட்டுரையின் தலைப்பே துகள் எல்லைகளில் நகர்வு மெதுவானது இல்லை என்கிறது. படலம் பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியது அந்த எல்லைகளின் கணக்குதான்.

அதற்காக இந்தப் படலங்கள் பயனற்றவை என்று அர்த்தம் இல்லை. நைட்ரைடு படலத்தில் உலோகத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள பிணைப்பு பலமானது, அது வேறு கதை. ஒழுங்கற்ற படலத்தில் நெடுஞ்சாலைகளே இல்லை, அதுவும் வேறு கதை. "ஹை என்ட்ரோபி, அதனால் நிலையானது" என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்க: எந்த வெப்பநிலையில்? எவ்வளவு நேரம்?

இப்போ டேட்டாபேஸ் கேள்வி

நாற்பது உலோகத்திலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 6,58,008 வழிகள். ஒவ்வொரு ஐந்திலும் பங்குகளை 5 சதவீதப் படிகளாக, 5 முதல் 35 வரை மாற்றினால் 1,451 விகிதங்கள். பெருக்கினால் 95 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றையும் உருக்கிப் பார்க்க யாருக்கும் ஆயுள் போதாது.

இங்கேதான் ஸ்பட்டரிங் வேறு ஒரு வேஷம் போடுது. டோர்ட்முண்டுக்கும் எஸ்சனுக்கும் நடுவில் இருக்கிற போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் லுட்விக் குழு இதைத்தான் செய்யுது. பல தட்டுகளைச் சாய்வாக வைத்து ஒரே வில்லையில் ஒரே நேரத்தில் அடித்தால், எந்தத் தட்டுக்குப் பக்கமோ அந்த உலோகம் அங்கே அதிகம். ஒரே வில்லையில் நூற்றுக்கணக்கான கலவைகள். அவற்றை இயந்திரம் வரிசையாக அளக்கும், மாடல் அடுத்து எங்கே தேடலாம் என்று சொல்லும். மெஷின் லேர்னிங் படிக்கிற பலருக்கு இந்த வேலை இருப்பதே தெரியாது.

ஆனால் அந்த மாடலுக்கு ஊட்டுகிற டேபிளை நினைத்துப் பாருங்க. ஐந்து காலத்தில் ஐந்து சதவீதம், ஆறாவது காலத்தில் கடினம். இப்படி ஒரு டேபிள் வந்தால், ஒரே கீக்கு இரண்டு வேறு மதிப்புகள் வரும். ஒரு வரிசையில் எஃப்சிசி, இன்னொன்றில் ஒழுங்கற்றது. ஒன்றில் அடர்த்தியான தூண், இன்னொன்றில் புல். மாடல் அதை இரைச்சல் என்று நினைத்துச் சராசரி போட்டுவிடும். அது இரைச்சல் இல்லை. விடுபட்ட காலம்.

எனவே என் பதில்: கலவை மட்டும் பிரைமரி கீ ஆகாது. கலவை, ஆர்கான் அழுத்தம், வில்லை வெப்பநிலை, வில்லைக்குக் கொடுத்த மின்னழுத்தம், படிந்த வேகம், தடிமன், பிறகு எந்தச் சூட்டில் எத்தனை நேரம் வைத்தது: இவை எல்லாம் சேர்ந்த கூட்டுக் கீதான் ஒரு படலத்தை அடையாளம் காட்டும். ஒரு படலம் என்பது அதில் உள்ள உலோகங்கள் மட்டும் இல்லை, அவை வந்து சேர்ந்த வழியும்தான்.

வீட்டுப்பாடம்

பைத்தானில் நாலு வரி போதும். உங்க ஊர் நாணயம் ஒன்றின் கலவையைத் தேடி எடுங்க. எடை சதவீதத்தை அணு எடையால் வகுத்து அணு சதவீதமாக மாற்றுங்க (இதை மறந்தால் விடை தப்பு). பிட்டில் என்ட்ரோபி போடுங்க. பிறகு 300, 800, 1500 கெல்வினால் பெருக்கி மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. அதற்கு முன் பிட்டை 0.693-ஆலும் 8.314-ஆலும் பெருக்கி ஜூலுக்கு மாற்றணும். உங்க விடையைப் பதிலா அனுப்புங்க. வித்தியாசமான நாணயம் எடுத்தவங்க கணக்கை அடுத்த எபிசோட்ல வாசிக்கிறோம்.

அதுவரை, யாராவது உங்ககிட்ட "இதுல என்னென்ன இருக்கு தெரியுமா?" என்று பெருமையாகக் கேட்டால், "சரி, எப்படிச் செஞ்சீங்க?" என்று திருப்பிக் கேளுங்க. சந்திப்போம் மக்களே.